ஒரு மெய் குறைவு

வியாழன்தோறும் வார இதழின் கடைசிக்கு முந்தின பக்கம்
என்னுடையது.
பதினொன்றுக்குப் பதினொன்று கட்டம்,
அடியில் பொடி எழுத்தில் 'குண்டூசி'.
புனைபெயர் கேட்ட ஆசிரியரிடம்
மேசையில் அப்போது கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

ஆத்தங்குடிக் கல்லைப் பார்த்து வந்த யோசனையா என்பார்கள்.
இல்லை. கல் கல்தான், ஈரத்தில் வழுக்கும்.
எனக்குக் கட்டம் பேரேட்டிலிருந்து வந்தது.
பற்றும் வரவும் ஒத்துப்போகாத மாலைகளில்
ஆறரை பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்திருந்த
வங்கிக் கூண்டிலிருந்து.

முதலில் ஊர்களை உடைத்தேன்.
கானாடுகாத்தான் சுலபம்:
'காட்டில் வெள்ளாட்டைப் பார்த்துக்கொண்டவன் (7).'
தேவகோட்டையில் கோட்டை விட்டால்
மிஞ்சுவது இரண்டெழுத்து, தெய்வத்துக்கே போதாது.
அப்புறம்,
'வாகனத்தை அருந்தச் சொல்லும் நகரம் (5).'
காரைக் குடி.
பக்கத்துக் கவுண்ட்டர் சொர்ணவல்லி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு
தனியாகச் சிரித்தேன்.

அதற்கு வந்த அஞ்சலட்டைகளில் ஒன்று:
'கார் என்றால் மேகமும்தானே, குண்டூசி அவர்களே?
ஐப்பசி பிறந்து இருபது நாள்.
நாங்கள் குடிக்கக் காத்திருப்பது அதைத்தான்.
மெ. சித. வயிரவன், பள்ளத்தூர்.'

அன்றிரவு தூங்கவில்லை என்றால் பொய்.
தூங்கினேன்.
ஆனால் நான் செய்த பூட்டுக்கு
நான் செய்யாத சாவி ஒன்று இருந்தது
நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தாற்போல் இருந்தது.

மூன்று வருடம். நூறு அட்டைக்கு மேல்.
'மெலிய ஒரு கரம், மாதம் பிறந்தால் கேட்கும் (3)'
என்று வாடகையை வைத்தேன்.
'இரண்டு கடை விட்டிருக்கிறேன்,
கேட்டுக் கேட்டு வாடுவது என் கைதான்' என்று பதில்.
ஒருமுறை கறியில் கரியைக் கலந்துவிட்டேன்.
ஒரே ஒரு சொல், சிவப்பு மையில்:
'அநியாயம்.'

போன மாதம்தான் சறுக்கினேன்.
'காசோலைக்கு விடிந்தது, நம்மூர்ச் சாலை (4).'
செக். காலை. செக்காலை.
இது ஒரு வங்கிக்காரிக்குத்தான் தோன்றும் என்பது
எனக்குத் தோன்றவில்லை.

திங்கள் பத்தேகால்.
கூண்டுக்கு வெளியே ஐம்பது வயதுக்காரர் ஒருவர்.
சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்றுக்கு மூடி இல்லை.
தனக்கே எழுதிய காசோலை, ஐயாயிரம்.
கையெழுத்தைச் சரிபார்க்கத் திருப்பினேன்.
பின்பக்கம், பென்சிலில்:
'பெயர்ப்பலகையில் ஒரு மெய் குறைகிறது.
முதலெழுத்தை அடுத்து "ம்" என்றால் முடிந்தது (5).'

என் பலகையில் நான்கு எழுத்து. உமையாள்.
'ம்' சேர்த்துப் பார்த்தேன்.
உம்மை ஆள்.

யார் ஆள்வது? குறிப்பில் எழுவாய் இல்லை.
உம்மை நீரே ஆளும் என்றும் படிக்கலாம்,
நாற்பத்தொரு வயதுவரை அப்படித்தான் படித்து வந்திருக்கிறேன்.
சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.
நான் அதை எடுக்கவில்லை, 'ம்' என்றும் சொல்லவில்லை.
பத்து ஐந்நூறை இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டாவது முறை ஒன்பது வந்தது,
மூன்றாவதும் எண்ணினேன்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவர் எண்ணாமலே வாங்கிக்கொண்டு போனார்.

இந்த வியாழன், மேலிருந்து கீழ், ஒன்று:
'மாடு, பதில், பிரியும்போது கேட்பது (2).'
சொல் அவருக்கு உடனே கிடைத்துவிடும்.
சிராவயல் பொட்டலில் கயிறறுத்து ஓடுவதும் விடைதான்,
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கொடுப்பதும் விடைதான்.
மூன்றில் எது என்று
எழுதியவளுக்கும் தெரியாத குறிப்பை
நான் இதுவரை அச்சுக்கு அனுப்பியதில்லை.

அந்த இரண்டு கட்டங்களை
வேறெந்தச் சொல்லும் குறுக்கே வெட்டவில்லை.
ஆசிரியர் போன் செய்தார்:
'தனியாத் தொங்குதேம்மா, இப்படியே விட்டுரலாமா?'

ம், என்றேன்.